விசா முடிந்த பிள்ளை

மேலப்பாளையத்தில் 'விசா' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். 'அவனுக்கு விசா வந்துவிட்டது' என்றால் வேலை கிடைத்துவிட்டது. 'விசா முடிந்துவிட்டது' என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக வளைகுடா நாடுகள் நமக்குக் கற்றுத் தந்த அகராதி இது. தம்மாமிலும் துபாயிலும் உழைத்துத் திரும்பியவர்கள் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. இக்காமா காலாவதியான ஒருவன் அங்கே எப்படி வாழ்வான் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் மருத்துவரிடம் போகவும் அவன் அஞ்சுவான். 2017-இல் சவூதி அரசும், 2024 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, பல ஆண்டுகளாக ஒளிந்து வாழ்ந்தவர்கள் அபராதம் இல்லாமல் ஊர் திரும்ப வழி கிடைத்தது. அந்தக் கதைகளைத் திண்ணையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, விசாவின் தேதி என்பது மனிதனின் தேதி. நம் நாட்டின் சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான். இந்தியாவுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர், விசா முடியுமுன் நீட்டிப்புப் பெறாவிட்டால் சட்டத்தை மீறியவராகிறார்.

ஆனால் வளைகுடாவுக்கு முன்னால் நமக்கு இலங்கை இருந்தது. என் வாப்பாவின் வாப்பா கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர்கள். தூத்துக்குடியில் கப்பலேறிப் போய்வந்த காலத்தில் விசா என்ற சொல்லையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. 1948-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. உள்ளே நுழைவதற்கு ஒரு தாள், அங்கே தங்குவதற்குத் 'தற்காலிக வதிவிட அனுமதி' என்று இன்னொரு தாள் என்றாயிற்று. இரண்டையும் தனித்தனி உறையில் போட்டுத் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்ததாக வாப்பா சொல்வார்கள். நுழையும் தாள் வேறு, தங்கும் தாள் வேறு என்பது அந்தக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் அதை வளைகுடாவில் மறந்துவிட்டோம்.

இதை எழுதக் காரணம் என் தங்கை மகன்.

அவன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நீர்வளப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். 2019 ஆகஸ்டில் போனான். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் அவனுக்கு ஐந்தாண்டுக்கான மாணவர் விசாவைக் கொடுத்தது. எஃப்-1 என்று அதற்குப் பெயர். அது 2024 மே மாதத்தோடு முடிந்தது. ஆய்வுப் படிப்போ ஐந்தாண்டுகளில் முடிவதாக இல்லை. ஆற்று முகத்துவாரங்களில் உப்புநீர் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளப்பது அவன் வேலை. ஒரு வெள்ளத்துக்கும் ஒரு வறட்சிக்கும் காத்திருந்துதான் அளக்க வேண்டும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தைச் சிறுவனாகப் பார்த்தவன், இப்போது ரியோ கிராண்டே ஆற்றின் வாயில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறான்.

2025 பிப்ரவரியில் எங்கள் குடும்பச் சொத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. அவன் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுப் பவர் பத்திரம் அனுப்பினான். கூடவே கடவுச்சீட்டின் நகலும் வந்தது. பத்திர எழுத்தர் அனுபவசாலி. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர். விசா ஒட்டிய பக்கத்தில் விரலை வைத்து, "தம்பிக்கு விசா முடிஞ்சு ஒன்பது மாசமாச்சே" என்றார்.

அஸர் தொழுகைக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. மஃக்ரிபுக்குப் பிறகு தங்கை அழைத்தாள். "காக்கா, பிள்ளை அங்கே கள்ளத்தனமாவா இருக்கான்? எங்கிட்ட மறைச்சிட்டானே" என்று அழுதாள். தம்மாமில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த மச்சான் ஒருவர், அனுபவத்தின் முழு உறுதியோடு சொன்னார்: "அவன் அறையை விட்டு இறங்கக் கூடாது. ஜும்ஆவுக்குப் போனாலும் நடந்தே போகட்டும். கார் வேண்டாம், பஸ் வேண்டாம், பிளேன் வேண்டவே வேண்டாம்."

மச்சானின் அறிவுரை அன்பால் வந்தது. தம்மாமுக்கு அது பொருந்தும். டெக்சாஸுக்குப் பொருந்தாது.

அமெரிக்கச் சட்டத்தில் விசா என்பது வாசலில் காட்டும் சீட்டு. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரியின் முன் நின்று 'உள்ளே விடுங்கள்' என்று கேட்கும் தகுதியை மட்டுமே அது தருகிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்வதில்லை. அதை வாசலில் நிற்கும் அதிகாரிதான் தீர்மானிக்கிறார். அவர் தீர்மானித்ததைப் பதிவு செய்யும் ஆவணத்துக்கு ஐ-94 என்று பெயர். முன்பு அது கடவுச்சீட்டில் இணைத்துத் தரும் வெள்ளை அட்டையாக இருந்தது. 2013 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு அது மின்பதிவாகிவிட்டது; அரசின் இணையதளத்திலிருந்து நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். சுற்றுலா வருகிறவரின் ஐ-94-இல் ஒரு தேதி இருக்கும். மாணவரின் ஐ-94-இல் தேதி இருக்காது. 'டி/எஸ்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். மாணவராக இருக்கும் தகுதி நீடிக்கும் வரை தங்கலாம் என்பது அதன் பொருள்.

அந்தத் தகுதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற தாளில். படிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, பாடப்பிரிவு, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. அதே விவரங்கள் 'செவிஸ்' என்ற அரசுக் கணினிப் பதிவிலும் இருக்கும். என் தங்கை மகனின் ஐ-20 முதலில் 2024 வரைதான் இருந்தது. அது முடிவதற்கு முன்பே ஆய்வு வழிகாட்டியின் கடிதத்தோடு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் போய் 2026 ஆகஸ்ட் வரை நீட்டித்திருக்கிறான். முடிந்த பிறகு போயிருந்தால் கதை வேறு. விசாவுக்காக ஒரு நாளும் கவலைப்படாத அவன், அந்த நீட்டிப்புக்காக இரண்டு மாதம் அலைந்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"மாமா, விசா வாசல் சீட்டு. நான் வீட்டுக்குள்ளே இருக்கேன். உள்ளே இருக்கிறவனிடம் யாரும் வாசல் சீட்டைக் கேட்பதில்லை" என்றான். அதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மார்ச் மாதம் அப்படிப்பட்டது.

2025 மார்ச் 17 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த இந்தியரான பதர் கான் சூரி கைது செய்யப்பட்டார். மார்ச் 25 அன்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி மாணவி ரூமெய்ஸா ஓஸ்துர்க், நோன்பு திறக்கப் போகும் வழியில் தெருவில் மறிக்கப்பட்டார். முகமூடி அணிந்த அதிகாரிகள் அவரைச் சூழ்ந்துகொள்ளும் காட்சி, தராவீஹ் முடிந்து வீடு திரும்புமுன்பே எங்கள் ஊர்க் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. ஹிஜாப் அணிந்த ஒரு பெண்பிள்ளையின் கை முறுக்கப்படுவதைப் பார்த்த எந்தத் தாய்க்குச் சட்டப்பிரிவுகளைப் பற்றிப் பேச மனம் வரும்? இருவரையும் நீதிமன்றங்கள் மே மாதத்தில் விடுவித்தன. அந்தச் செய்தி அத்தனை வேகமாகப் பரவவில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓஸ்துர்க்கின் விசா காலாவதியாகவில்லை. அவருக்குத் தெரிவிக்காமலே அரசு அதை ரத்து செய்திருந்தது. காலாவதி என்பது நாட்காட்டியின் வேலை; அதில் யாருடைய கோபமும் இல்லை. ரத்து என்பது ஓர் அதிகாரியின் முடிவு. அதற்குப் பின்னால் ஒரு காரணமோ, காரணம் என்று சொல்லப்படுவதோ இருக்கும். அதே ஆண்டு மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென முடித்துவைக்கப்பட்டன. பலருக்கு அதற்கான காரணமாக இருந்தது ஏதோ ஒரு பழைய போக்குவரத்து வழக்கு, அதுவும் தள்ளுபடியானது. நாடெங்கும் வழக்குகள் குவிந்தபின், ஏப்ரல் 25 அன்று பதிவுகளை மீண்டும் உயிர்ப்பிப்பதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த மாணவர்களில் விசா செல்லுபடியாகும் நிலையில் இருந்தவர்களும் இருந்தார்கள். விசாவில் தேதி மிச்சமிருப்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. என் தங்கை மகனுக்கு விசாவில் தேதி இல்லை. செவிஸில் அவன் பதிவு உயிரோடு இருந்தது. மாணவன் நிற்பது எந்தத் தாளின் மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அந்த நோன்புப் பெருநாளுக்கு அவன் சிகாகோவுக்குப் போவதாக இருந்தான். என் காக்கா மகள் அங்கே குடியிருக்கிறாள்; முதல் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பெருநாள் மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து ஆண்டுகளாகப் பெருநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனவன், இந்த ஒரு முறை சொந்தத்தின் வீட்டில் சாப்பிடட்டும் என்று அவள் எல்லா ஏற்பாடுகளையும் செய்திருந்தாள். ஊரிலிருந்து ஒரே குரலாக 'போகாதே' என்றார்கள். தங்கை சத்தியம் வாங்கப் பார்த்தாள்.

நான் 'போ' என்றேன். துணிச்சலால் சொல்லவில்லை. அவன் பல்கலைக்கழக அலுவலரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை எனக்கு அனுப்பியிருந்தான். ஒரு மாதத்துக்கு முன்பு நடந்த வேறொன்றையும் சொல்லியிருந்தான்.

அவன் ஆய்வுக் களம் மெக்சிகோ எல்லையை ஒட்டியது. அங்கிருந்து வடக்கே திரும்பும் நெடுஞ்சாலைகளில், எல்லையிலிருந்து வெகுதூரம் உள்ளே வந்தபின்னும், எல்லைக் காவல்படையின் நிரந்தரச் சோதனைச் சாவடிகள் உண்டு. ஃபால்ஃபூரியஸ் என்ற ஊரருகே ஒன்று, சரீட்டா என்ற இடத்தில் இன்னொன்று. நாட்டை விட்டு ஒரு அடியும் வெளியே போகாதவர்களின் வண்டிகளும் அங்கே நின்றுதான் போக வேண்டும். பிப்ரவரியில் ஒரு மாலை, நீர் மாதிரிப் புட்டிகளோடு வந்த இவர்கள் வண்டியை நிறுத்தி, "நீங்கள் அமெரிக்கக் குடிமக்களா?" என்று கேட்டார் காவலர். இவன் "இல்லை, மாணவன்" என்று சொல்லிக் கடவுச்சீட்டு, ஐ-20, ஐ-94 மூன்றையும் நீட்டினான். காவலர் விசாப் பக்கத்தைப் பார்த்து, "இது முடிந்துவிட்டதே" என்றார். இவன் ஒன்றும் வாதாடவில்லை. ஐ-94-இல் உள்ள டி/எஸ் என்ற எழுத்துகளைக் காட்டினான். காவலர் ஐ-20-இல் உள்ள தேதியைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், கையசைத்தார். மொத்தம் இரண்டு நிமிடம் என்றான். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் அவன் ஆறு ஆண்டுகளாகத் தாள்களை ஒழுங்காக வைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

பதினெட்டு வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டின் பழைய சட்டம். நெடுங்காலம் ஏட்டில் உறங்கிய அது, 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறையால் விழித்துக்கொண்டிருக்கிறது. மாணவர்களுக்கு ஐ-94 தான் அந்தச் சான்று. ஆகவே பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போகும்போது கடவுச்சீட்டும் ஐ-20-உம் அச்சிட்ட ஐ-94-உம் கையோடு இருக்கட்டும். 'தொலைந்துவிடும், அறையிலேயே பூட்டி வை' என்று நம் தாய்மார்கள் சொல்வது வழக்கம். இந்த விஷயத்தில் அந்த அறிவுரை உதவாது.

சிகாகோ விமானத்தில் அதுவும் நடக்கவில்லை. அங்கே உள்நாட்டு விமான நிலையங்களில் சோதனை செய்வது போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை. வருகிறவர் யார் என்பதைச் சரிபார்ப்பதே அதன் பணி. அவர் எவ்வளவு நாள் தங்கலாம் என்பது அதன் பணியன்று. செல்லுபடியாகும் இந்தியக் கடவுச்சீட்டே போதுமான அடையாளம். 2025 மே 7 முதல் 'ரியல் ஐடி' தரத்தில் இல்லாத மாநில ஓட்டுநர் உரிமங்கள் செல்லாது என்ற விதி நடைமுறைக்கு வந்தபோதும், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலில் இருக்கிறது. அதிகாரி கடவுச்சீட்டைக் கருவியில் வைத்தார், முகத்தைப் பார்த்தார், திருப்பித் தந்தார். விசா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட அவர் தேடவில்லை. பெருநாள் அன்று காக்கா மகள் வீட்டிலிருந்து கடல்பாசியும் நெய்ச்சோறும் நிறைந்த தட்டோடு ஒரு படம் வந்தது. தங்கை அதற்குப் பதில் அனுப்பவில்லை. ஆனால் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உள்நாட்டுப் பயணம் என்று நினைத்துக்கொண்டே நாட்டைக் கடந்துவிடும் இடங்கள் உண்டு. நயாகரா அவற்றில் முதன்மையானது. அமெரிக்கக் கரையில் நின்று அருவியைப் பார்ப்பது உள்நாட்டுப் பயணம். 'அந்தப் பக்கம் காட்சி இன்னும் அழகு' என்று பாலத்தைக் கடந்தால் அது கனடா. கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்கு உட்பட்டுப் போய்த் திரும்பும் மாணவரை, விசா முடிந்திருந்தாலும் செல்லுபடியாகும் ஐ-94-ஐ வைத்து உள்ளே அனுமதிக்கும் விதி ஒன்று இருக்கிறது. அங்கே போன இடத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியருக்குக் கனடா விசாவும் தனியாக வேண்டும். இந்தக் காலத்தில் அந்த விதியைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அருவி எந்தக் கரையிலிருந்தும் அருவிதான். குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்ன?

தகுதியை உண்மையிலேயே கெடுப்பவை எவை என்பதைத் தாய் தகப்பன்மார் அறிந்திருப்பது நல்லது. முழுநேரப் பாடச்சுமையை அனுமதி பெறாமல் குறைப்பது. வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி ஊதியத்துக்கு வேலை செய்வது. நம்மவர் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கையில் காசு வாங்கிக்கொண்டு நிற்பதும் இதில் அடங்கும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் தெரிவிக்காமலிருப்பது. ஐ-20-இன் தேதியைக் கடக்கவிடுவது. இவற்றில் ஒன்று நேர்ந்தால் விசாவில் மூன்றாண்டு மிச்சமிருந்தும் பயனில்லை. ஒரு நாட்டுக்குள் அனுமதி வாங்கி நுழைவது ஓர் உடன்படிக்கை என்றும், உடன்படிக்கையைக் காப்பது மார்க்கக் கடமை என்றும் நம் ஆலிம்கள் பயான்களில் சொல்வதுண்டு. உம்ரா விசாவில் போய் ஹஜ் வரை ஒளிந்து தங்குகிறவர்களைப் பற்றித்தான் பெரும்பாலும் அதைச் சொல்வார்கள். மாணவனின் உடன்படிக்கை விசாவில் இல்லை, ஐ-20-இல் இருக்கிறது. என் தங்கை மகன் அதை மீறவில்லை. 'கள்ளத்தனமாக இருக்கிறான்' என்று தெருவில் பேசியவர்கள் அறியாமல் பேசியது ஒரு நல்ல பிள்ளையின் மானத்தைப் பற்றி.

இவ்வளவும் உள்ளே இருப்பவனுக்கு. வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதில்தான் எங்கள் வீட்டுத் துயரம் இருந்தது.

விசா முடிந்தவன் அமெரிக்காவுக்குள் டெக்சாஸிலிருந்து சிகாகோவுக்கும், ஹவாய்த் தீவுகளுக்கும்கூடப் போய் வரலாம். மேலப்பாளையத்துக்கு மட்டும் வந்து போக முடியாது. வரலாம், திரும்ப வேண்டுமானால் புதிய விசா வேண்டும். மாணவர் விசாவை அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டு புதுப்பிக்க வழியில்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தின் வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும்; மறுக்கவும் படலாம். மறுத்தால் ஆறாண்டு உழைப்பு அந்தச் சாளரத்தின் முன் நின்றுபோகும்.

2025-இன் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள், என் உம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். தங்கை பீடிக்கடையில் கணக்குப் பார்க்கப் போன நாட்களில், பாளையங்கால்வாய்க் கரையோரம் அவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப் போனவர்கள். கடைசி வாரத்தில் மூன்று முறை அவன் பெயரைச் சொல்லி, "பிள்ளை கிளம்பிட்டானா?" என்று கேட்டார்கள். நாங்கள் "கிளம்பிட்டான் உம்மா" என்று சொல்லவில்லை. "துஆ செய்றான் உம்மா" என்றோம்.

அந்த நாட்களின் கணக்கு இது. மே 27 அன்று, உலகெங்கும் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதை அமெரிக்க வெளியுறவுத் துறை நிறுத்திவைத்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் புதிய முறையை வகுக்க வேண்டும் என்பது காரணம். ஜூன் 18 அன்றுதான் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தது. உம்மாவின் மவுத்து அந்த இடைவெளிக்குள் விழுந்தது. அவன் விமானம் ஏறியிருந்தால், திரும்புவதற்கான நேர்காணல் எப்போது என்று சொல்ல சென்னையில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். அவனுடைய ஆய்வேடு முக்கால்வாசி எழுதப்பட்டிருந்தது.

அவன் வரவில்லை. வர வேண்டாம் என்று நானும் தங்கையும் சேர்ந்தே சொன்னோம். அதைச் சொன்னபோது அவள் குரல் உடையவில்லை, எனக்குத்தான் உடைந்தது.

மையவாடியில் மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது ஒருவர் என் தோளைத் தொட்டு, "அமெரிக்காக்காரனுக்கு டிக்கெட் கிடைக்கலியோ?" என்றார். மூன்றாம் நாள் யாசீன் ஓத வந்த இடத்தில் இன்னொருவர், "காசு கண்ணை மறைக்கும்" என்றார். அவருடைய மகன் குவைத்திலிருந்து தகப்பன் மவுத்துக்கு இரண்டே நாளில் வந்து சேர்ந்தவன். அவனுக்கு நிறுவனம் மறுநுழைவு அனுமதியோடு விடுப்புக் கொடுத்தது. அங்கே தங்கும் அனுமதியே திரும்பும் வழியையும் வைத்திருக்கிறது. இவனுக்குத் தங்கும் அனுமதி இருக்கிறது. திரும்பும் வழிதான் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அந்த இடத்தில் நின்று விளக்க எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கப் போன பிள்ளை மவுத்துக்கு வரவில்லை என்றால், அவன் மனம் கல்லானது என்று முடிவு கட்டுமுன், அவன் கையில் எந்தத் தாள் இருக்கிறது, எந்தத் தாள் இல்லை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவனைப் பெற்றவளிடம் கேட்காதீர்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில், ஊரில் இல்லாத மய்யித்துக்காகத் தொழும் காயிப் ஜனாஸா தொழுகை உண்டு. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்காக நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் தொழவைத்ததை ஆதாரமாகக் கொண்டது அது. அவன் படிக்கும் ஊரில் மாணவர்கள் ஜும்ஆவுக்கு எடுக்கும் வாடகைக் கூடம் ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அங்கே ஜும்ஆ முடிந்தபின் என் உம்மாவுக்காக நாற்பது பேர் அணிவகுத்தார்கள். வங்காளதேசத்துப் பிள்ளைகள், நைஜீரியர்கள், ஒரு துருக்கியர், ஹைதராபாத்காரர்கள். மேலப்பாளையம் எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. இவனே முன்னின்று தொழவைத்தான். அதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "நாலாவது தக்பீர்ல அழுதானா?"

அதன் பிறகு கதவு இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. செப்டம்பர் 2 முதல், பழைய விசாவைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் நேர்காணல் கட்டாயம் என்றாகிவிட்டது. பெட்டியில் கடவுச்சீட்டைப் போட்டுவிட்டு வரும் முறை மாணவர்களுக்கு இல்லை. இந்தியர் இந்தியாவிலோ, தாம் வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். பக்கத்து நாட்டுக்குப் போய் முத்திரை வாங்கி வரும் குறுக்குவழியும் அடைபட்டது. ஆகஸ்ட் 28 அன்று வெளியான முன்மொழிவு ஒன்று டி/எஸ் என்ற அந்த இரண்டு எழுத்துகளையே எடுத்துவிடப் பார்க்கிறது. அது விதியானால், மாணவரின் ஐ-94-இலும் தேதி வரும். அதிகபட்சம் நான்கு ஆண்டு. அதற்கு மேல் படிப்பு நீண்டால் அரசிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது மச்சானின் தம்மாம் அறிவுரை ஓரளவு பொருந்தத் தொடங்கும். ஐந்தாறு ஆண்டுகள் தேவைப்படும் ஆய்வுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2020-இலும் இதே போன்ற முன்மொழிவு வந்து, அடுத்த ஆண்டு திரும்பப் பெறப்பட்டது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

தங்கை இப்போது விசாவைப் பற்றிக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் அவன் அழைக்கும்போது, சாப்பாடு, தொழுகை, குளிர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அந்த ஐ-இருபது பத்திரமா இருக்கா வாப்பா?" என்று கேட்கிறாள். அவனும் ஒவ்வொரு வாரமும் அதை எடுத்துக் காட்டுகிறான்.